நேர்ச்சைப் பாட்டு

மேட்டுத்துறையில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு கோவிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால், கடலில் கிடக்கிறவன் எவனானாலும் கரை ஏறிவிட வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. ஆனாலும் கொச்சியில் மீன்பிடி போட்டில் ஏறுகிறவனும் மஸ்கட்டில் ஏசி மாட்டுகிறவனும் எப்படியாவது லீவு வாங்கி, பத்து நாள் திருவிழாவில் ஒரு நாளாவது ஊரில் தலையைக் காட்டிவிடுவார்கள். காட்டாதவன் வீட்டில் உலை கொதித்தாலும் சோறு இறங்காது.

2010-ஆம் வருஷம் கொடி ஏறிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளீட்டசின் தம்பி ஆன்ட்ரூஸ் வந்து சேரவில்லை.

இருபது நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கென்று கொச்சியிலிருந்து போன போட்டு அது. ஆள் ஆறு பேர். இருபத்தொன்பது நாள் ஆகியும் ஒரு தகவல் இல்லை. வயர்லெசில் கூப்பிட்டால் இரைச்சல்தான் பதில். போட்டு முதலாளிக்குப் போன் போட்டால், "வரும், வரும். மீன் கிடைச்சா நிப்பானுவ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். முதல் வாரம் அந்த "வரும், வரும்" ஆறுதலாக இருந்தது. இப்போது அவர் எதற்கு இரண்டு தடவை சொல்கிறார் என்று கிளீட்டஸ் யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

போகிற அன்றைக்கு ஆன்ட்ரூஸ் கிளீட்டசின் போன் கடை வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "கொடிக்கு வந்திருவேன் அண்ணே. எனக்கு ஒரு நல்ல மெமரி கார்டு எடுத்து வை."

கார்டு மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

கோவிலுக்குப் பக்கவாட்டுச் சந்தில் இருந்தது கடை. 'கிளீட்டஸ் மொபைல்ஸ்' என்று பலகை. ரீசார்ஜ், பழுது பார்த்தல், அப்புறம் பாட்டு ஏற்றிக் கொடுத்தல். முப்பது ரூபாய் கொடுத்தால் ஒரு கார்டு நிறையப் பாட்டு. மாதம் ஒரு தடவை மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போய் ஹார்ட் டிஸ்க் நிறைய வாங்கி வருவான். அந்தக் கடைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று இவன் கேட்டதில்லை. இவனிடமும் யாரும் கேட்டதில்லை. கடலில் நீந்துகிற மீனுக்கு யாருடைய பேரும் எழுதியிருக்காது. பிடிக்கிறவனுக்கு மீன். பாட்டும் அப்படித்தான் என்பது அவனுடைய எண்ணம். எண்ணம் என்றுகூடச் சொல்லக் கூடாது, அதைப் பற்றி எண்ணியதே இல்லை.

கொடி மரத்தில் கயிறு ஏறும்போது வெடி வெடித்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. கிளீட்டஸ் மட்டும் மணலில் முட்டுக் குத்திக் கண்ணை மூடினான்.

'சம்மனசே, எனக்க தம்பிய ஊருக்குக் கொண்டு சேரு. பத்து நாளும் கடைக்கு வாறவங்க எல்லாருக்கும் உமக்க பாட்ட சும்மா ஏத்திக் குடுக்கேன். ஒரு சல்லி வாங்க மாட்டேன். இது நேர்ச்சை.'

நேர்ச்சை என்றால் விளையாட்டு இல்லை. ரொட்டி நேர்ந்தவர்கள் கூடை கூடையாக ரொட்டி கொடுப்பார்கள். கஞ்சி நேர்ந்தவர்கள் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றுவார்கள். கோழி நேர்ந்தவர்கள் காலைக் கட்டிக் கொண்டு வந்து பீடத்தடியில் விடுவார்கள். பாட்டு நேர்ந்தவன் ஊரில் இவன்தான் முதல்.

'உமக்க பாட்டு' என்று அவன் மனதில் இருந்தது ஜெபமணியக்காவின் சிடி. அக்கா பாடகர் குழுவை நடத்துகிறவள். பகலில் கருங்கல் சந்தைக்கு மீன் சுமந்து விற்பாள். நடக்கிற நடையிலேயே மெட்டுப் போடுவாள். அப்படிச் சேர்ந்த ஒன்பது பாட்டை, கையிலிருந்த இரண்டு வளையலை விற்று, நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் பாடிப் பதிந்து சிடி ஆக்கியிருந்தாள். கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனிமேல் தலையில் சுமை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருவிழா திருவிழாவாகப் போய் சிடி விற்றால் தலையில் சுமக்கிற மீன் சருவத்தை இறக்கி வைத்துவிடலாம் என்பது அவள் நினைப்பு. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகன், இணையத்திலும் ஏதோ ஒரு இடத்தில் அதைப் போட்டிருந்தான். பன்னிரண்டு ரூபாய் கட்டினால் ஒரு பாட்டை இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கிற நம்ம பிள்ளைகள் வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தான்.

முதல் சிடியை அவள் கிளீட்டசிடம்தான் கொடுத்தாள். "கடையில போடு மக்கா. நாலு பேரு கேட்டா, அதுல ஒருத்தனாவது வந்து வாங்குவான்."

அந்தச் சிடியைத்தான் அவன் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கடைப் பெயரை அடித்தான். மார்த்தாண்டத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். போனில் பாட்டு ஓடும்போது திரையில் கடையின் பேரும் ஓடும். பைசா செலவில்லாத விளம்பரம்.

சனிக்கிழமை காலையில் வாசலில் அட்டை தொங்கியது: 'திருவிழா நேர்ச்சை. பாட்டு இலவசம்.' பத்து மணிக்குள் சந்து நிறைந்துவிட்டது. கிளீட்டஸ் ஒவ்வொரு போனாக வாங்கி, கம்பியைச் செருகி, ஏற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு போனைக் கொடுக்கும்போதும், 'இது ஆன்ட்ரூசுக்கு' என்று மனதுக்குள் சொன்னான். ஞாயிறு, திங்கள், செவ்வாய். தகவல் ஒன்றும் வரவில்லை. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் அவனுடைய சொந்தப் போன். மணி அடித்தால் எடுப்பான். யாரோ ரீசார்ஜ் கேட்பார்கள். கடையை விட்டு எழுந்து சந்து முனைவரை போய்க் கடலைப் பார்ப்பான். அங்கே பார்த்து என்ன கிடைக்கும், போட்டு கொச்சிக்கல்லவா வரும் என்று திரும்பி வருவான். மறுபடியும் எழுந்து போவான்.

"ஏலே, அந்தத் தரையில வாய்க்கால் விழப்போகுது" என்றார் எதிர்ச் சாயாக்கடை சகாயம். "ஒரு எடத்துல இரி. கடுங்காப்பி போடட்டா?"

"வேண்டாம் அண்ணே."

"வேண்டாம்னு சொல்லிக்கிட்டே மூணு குடிச்சாச்சு இன்னைக்கு."

புதன்கிழமை மத்தியானம் பெனிட்டோ வந்தான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், மஸ்கட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்தான். கழுத்தில் தடித்த சங்கிலி, கையில் அகலமான போன்.

"மக்கா கிளீட்டஸ்! நீ உலகப் புகழ் ஆயிட்ட, தெரியுமா?"

"என்னத்த சொல்லுத?"

"நீ ஏத்தித் தந்த பாட்டு ஒம்பதையும் ஞாயித்துக்கிழமையே நெட்டுல சும்மா இறக்குற ஒரு சைட்டுல போட்டேன். நம்ம மஸ்கட்டு பயலுவ, துபாய்க்காரனுவ, கொச்சியில கெடக்குறவனுவ... இந்நேரம் எத்தன பேரு இறக்கியிருக்கான்னு நெனைக்க? அறுநூறு! இங்க பாரு, ஓடும்போது உனக்க பேருதான் வருது. ஒருத்தன் கேக்குதான், இந்த கிளீட்டஸ் மொபைல்ஸ்ங்குறது பாட்டுப் பாடுற குழுவான்னு!"

சந்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளீட்டசும் சிரித்தான். அறுநூறு பேர் மிக்கேல் சம்மனசின் பாட்டைக் கேட்கிறார்கள், அறுநூறு பேரும் ஆன்ட்ரூசுக்கு என்று அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவோடுதான் வரிசையில் அடுத்த போனை வாங்கக் கை நீட்டினான்.

பழைய பட்டன் போன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. மீன் வாடை. நிமிர்ந்து பார்த்தான், ஜெபமணியக்கா.

"எனக்கும் ஒண்ணு ஏத்திக் குடு மக்கா" என்றாள். "இந்தக் கயிறு விடாத கைய பத்தி ஒரு பாட்டு இருக்காமே. ஊருக்குள்ள எல்லாரும் பறயுதாங்க."

எவ்வளவு நேரமாக நின்றாளோ. கோவில் முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி ஒரு மேசையில் சிடிகளை அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் மேலே கல் வைத்து உட்கார்ந்திருப்பாளே, அந்த மேசையில் யாரை வைத்துவிட்டு வந்தாள்? அந்தப் பக்கம் நான்கு நாளாகத் தான் போகவே இல்லை என்பது கிளீட்டசுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஏற்றினான். போனைக் கொடுத்தான். அவள் பொத்தானை அமுக்கினாள். அவளுடைய குரலே சின்னப் பெட்டிக்குள்ளிருந்து எழுந்தது: 'கரை தெரியாத வேளையிலும் கயிறு விடாத கையே...'

திரையை அவள் உற்றுப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் நீட்டினாள். "இதுல என்ன பிள்ள எழுதியிருக்கு?"

அந்தப் பெண் கிளீட்டசைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கிளீட்டஸ் மொபைல்ஸ், மேட்டுத்துறை" என்று வாசித்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் ஜெபமணியக்கா. "நல்ல தொண்டை உனக்கு. எங்க படிச்ச பாட்டு?"

"அக்கா... இது ஆன்ட்ரூசுக்காக நேர்ந்தது. அவன் இன்னும் வரல்ல. இன்னைக்கு முப்பத்தி நாலு நாளு."

அவள் வாயைத் திறந்தாள். அவ்வளவு கோபமும் அந்த வாய்க்குள் நிற்பதை அவன் பார்த்தான். பிறகு அது அப்படியே வடிந்துபோவதையும் பார்த்தான்.

"ஆன்ட்ரூசுக்கா" என்றாள். "நான் அறியல்ல மக்கா. சரி. அப்பம் நான் ஒண்ணும் பறயல்ல."

திரும்பி நடந்தாள். கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்புகிற நடை. சாயங்காலம் பார்த்தபோது கோவில் முற்றத்தில் தார்ப்பாய் இல்லை, மேசையும் இல்லை. கல் மட்டும் மணலில் கிடந்தது.

சண்டை போட்டிருந்தால் அவனும் நாலு வார்த்தை பேசியிருப்பான். தெய்வத்தின் பாட்டுக்கு விலையா என்று கேட்டிருப்பான். அவள் சண்டை போடவில்லையே, அதனால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே சுற்றியது.

வீட்டில் மனைவி ஷீஜா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், போனைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்து, "நேர்ச்சைய பாதியில நிறுத்த முடியுமா ஏட்டி? அவன் கடல்ல கெடக்கும்போது?" என்றான்.

ஷீஜா சட்டியைத் துணியால் மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா வருஷா வருஷம் கோழி நேருவா. கூட்டுல வளந்த கோழி. ஒரு வருஷம் நரி பிடிச்சிட்டு. அன்னைக்கு அடுத்த வீட்டுக் கூட்டுல கை விட்டிருந்தா யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி கோழிதான். அவ விடல்ல. வாங்கதுக்கும் வழி இல்ல. ரெண்டு முட்டையக் கொண்டு போய் பீடத்துல வச்சிட்டு அழுதா."

"நான் கூட்டுல கை விட்டேன்னு சொல்லுதியா?"

"நான் எங்கம்மாவ பத்திச் சொன்னேன். நீங்க சாப்பிடுங்க."

அவன் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். சந்தைக்குப் போகிற பெண்கள் வேனுக்காக நின்றிருந்தார்கள். ஜெபமணியக்கா தலையில் சும்மாட்டுத் துணி, அதன்மேல் சருவம். திருவிழா வாரத்தில் சந்தைக்குப் போகப் போவதில்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது அவனுக்குத் தெரியும்.

அவன் ஒன்றும் கேட்காமல் சருவத்தைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்தான். நெத்திலியும் சாளையும் பளபளத்தன. கடலில் கிடந்தபோது யாருடைய மீனோ; இப்போது இது ஜெபமணியக்காவின் மீன். இதிலிருந்து ஒரு கை அள்ளி ஊருக்கெல்லாம் தானம் செய்ய அவனுக்குக் கை வருமா?

"அக்கா, நான் நிறுத்தட்டா?"

"நிறுத்தாத மக்கா" என்றாள் அவள் உடனே. "பத்து நாளு நேர்ந்திட்ட. நாளைக்கு வல்லதும் ஒண்ணு ஆச்சுதுன்னா, ஜெபமணி பாட்டு குடுக்கல்லன்னு ஒரு சொல்லு வந்திரப்பிடாது. எனக்கு ஏற்கெனவே கழுத்துல பாரம் இருக்கு." கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். "உனக்க தம்பிக்கு எனக்க பாட்டு ஒரு கை பிடிக்குமானா பிடிக்கட்டும். நான் குடுத்தேன்னு வச்சுக்க."

அவன் கேட்டு வந்தது இதைத்தான். நிறுத்தாதே என்று அவளே சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க ஆசைப்பட்டிருந்தான். சொல்லிவிட்டாள். ஆனால் அது இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நேர்ந்தவன் நான், கொடுக்கிறவள் இவள். அப்படியானால் என் நேர்ச்சை எங்கே?

வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் சருவத்துக்குக் குனிந்தாள்.

"இன்னைக்குப் போகாண்டாம் அக்கா" என்றான் கிளீட்டஸ். "இந்த மீன ஷீஜா இங்க ஊருக்குள்ள வித்துக் குடுப்பா. மேசைய எடுத்துக்கிட்டு எனக்க கடைக்கு வாங்க. நாலு நாளு இருக்கு."

"உனக்குக் கிறுக்கா? நேர்ச்சை?"

"நேர்ச்சை எனக்க கைல உள்ளத வச்சு செய்யுதேன்."

சொல்லிவிட்டுப் போய்க் கடையைத் திறந்தான். இலவசம் என்று தொங்கிய அட்டையைக் கழற்றினான். கழற்றிய கை அட்டையை விட மறுத்தது. இந்த நிமிஷம் ஆன்ட்ரூஸ் எங்கேயோ ஒரு அலையின் மேல் இருப்பான். நான் இங்கே அட்டையைக் கழற்றுகிறேன். சம்மனசே, இது ஏமாற்று இல்லை. மறுபுறம் திருப்பி எழுதினான்: 'பாட்டு ஜெபமணியக்காவினுடையது. என் பேர் போட்டது தவறு. போனைக் கொண்டு வந்தால் பேரை மாற்றித் தருகிறேன். சிடி இங்கே கிடைக்கும்.'

புதுக் கம்ப்யூட்டர் வாங்கவென்று ஷீஜாவின் அலமாரியில் பணம் சேர்த்து வைத்த ஒரு உறை இருந்தது. அதை அப்படியே எடுத்து வந்து அக்காவின் மேசையில் வைத்தான். "இதுக்கு எத்தன வருமோ அத்தன சிடி எனக்குத் தாங்க." அவள் வேண்டாம் என்றாள், கோபித்தாள், உறையை இரண்டு தடவை திருப்பித் தள்ளினாள். கடைசியில் எண்ணி எடுத்து வைத்தாள். அந்தச் சிடிகளை அவன் வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்தான். 'இது ஆன்ட்ரூசுக்கு' என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னான். இந்தத் தடவை கொடுக்கும்போது வலித்தது. வலித்ததால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவை தீர்ந்துபோயின. அதன் பிறகு வந்தவர்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நேத்து வர சும்மா தந்தியே, இன்னைக்கு என்ன கடை விரிப்பு?"

"அக்காட்ட வாங்குங்க. போன்ல ஏத்தணும்னா கொண்டு வாங்க, ஏத்திக் குடுக்கேன். ஏத்துக் கூலி வேண்டாம்."

"எங்க வீட்டுல சிடி போடுற பெட்டி கெடயாது."

சகாயம் சாயாக் கிளாசைக் கழுவிக்கொண்டே குரலை உயர்த்தினார். "ஏலே, நான் சொல்லுதேன்னு நெனைக்காத. நேர்ச்சைய பாதியில விட்டா கடலு கணக்குக் கேக்கும். அவன் அங்க நடுக்கடல்ல..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. கிளீட்டஸ் கம்பியைச் செருகினால் துளை தப்பியது. ஜெபமணியக்கா மேசையிலிருந்து எழுந்தாள்.

"ஓய் சகாயம்! கடலு கணக்குக் கேக்குதா? நீரு சாயாவுல விடுற தண்ணிக்குக் கேக்காத கணக்கா?"

சந்து சிரித்தது. சகாயமும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கிளீட்டஸ் மட்டும் எழுந்து சந்து முனைவரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தான்.

பெனிட்டோ வந்தான். நெட்டில் போட்டதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதற்கு, "அதெல்லாம் நேத்தே எடுத்தாச்சு" என்றான். "ஆனா மக்கா, நான் போட்டத நான் எடுக்கலாம். அத இறக்கினவன் அடுத்தவனுக்கு ப்ளூடூத்துல குடுத்திருப்பான், அவன் இன்னொருத்தனுக்கு. அதுக்கு எங்க போவ?"

"உனக்குத் தெரிஞ்சவனுக்குச் சொல்லு. யாரு பாடினதுன்னு சொல்லு. பன்னெண்டு ரூவாய்க்கு எங்க கிடைக்கும்னும் சொல்லு."

"பன்னெண்டு ரூவாயா? அங்க ஒரு சாயா குடிக்க முடியாது அதுக்கு" என்று முணுமுணுத்தபடியே அவன் போனைத் தட்டினான். யாராவது வாங்கினார்களா என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

முன்னால் பாட்டு ஏற்றிக்கொண்டவர்கள் வந்தார்கள், எல்லோரும் இல்லை, பாதிப்பேர் கூட இல்லை. போனைக் கொண்டு வந்து நீட்டினார்கள். கிளீட்டஸ் ஒன்பது பாட்டிலும் தன் பேரை அழித்து அவள் பேரை அடித்தான். ஒன்பதும் முடிந்தால் அடுத்த போன். மெல்லிய வேலை, பொறுமை வேண்டும். நடுநடுவே தன் போனை எடுத்துப் பார்த்தான். வீட்டில் பெட்டி இல்லை என்று சொன்ன வலை பின்னுகிற பெண் ஒருத்தி போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஒண்ணு குடுங்க அக்கா. போட்டுக் கேக்க ஒண்ணும் இல்ல. அட்டையில சம்மனசு படம் நல்லாருக்கு, சுவத்துல ஒட்டிக்கிடுதேன்." அவள் போன பிறகு வேறு இரண்டு பேர் வாங்கினார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் இல்லை. பிறகு ஒருவர்.

சனிக்கிழமை ஒன்பதாம் திருவிழா. சாயங்காலம் சப்பரம் எடுப்பார்கள். மூன்று மணிக்குப் பூ கட்டுகிற சத்தமும் மைக் சோதிக்கிற சத்தமும் சந்து வரை கேட்டன. கிளீட்டஸ் ஒரு போனில் ஆறாவது பாட்டின் பேரை அடித்துக்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது. தெரியாத எண். ரீசார்ஜாக இருக்கும் என்று எடுத்தான்.

"அண்ணே."

அவன் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். கையிலிருந்த அடுத்தவர் போன் மேசையில் விழுந்தது.

"அண்ணே, நாந்தான். கேக்குதா? கொச்சியில வந்து சேந்திட்டோம். இஞ்சின் பிடிச்சி நின்னுபோச்சு அண்ணே, வயர்லெசும் செத்துப்போச்சு. ஒழுகி ஒழுகிப் போய்க் கெடந்தோம். எல்லாரும் சுகந்தான். திங்கக்கிழம காலம்பற ஒரு தூத்தூர்க்காரன் போட்டு பாத்து, கயிறு போட்டுக் கட்டி இழுத்துட்டு வந்தானுவ. அவனுவ வயர்லெசும் கரைக்கு எட்டல்ல. எனக்க போன் உப்புத்தண்ணி குடிச்சிட்டு, இது வேற ஒருத்தன் போன்... அண்ணே? இருக்கியா?"

"இருக்கேன்" என்றான் கிளீட்டஸ். "இருக்கேன்டா, இருக்கேன்."

அவன் முகத்தைப் பார்த்தே சந்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ ஷீஜாவைக் கூப்பிட ஓடினார்கள். சகாயம் கைத் துண்டோடு வந்து கவுண்டரில் சாய்ந்து ஒட்டுக் கேட்டவர், 'திங்கக்கிழம' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா! திங்கக்கிழம! நீ சும்மா குடுத்துக்கிட்டிருந்த நாளு! நான் அப்பமே சொல்லல்ல? நேர்ச்சைக்க பலன்!"

கிளீட்டசுக்குத் திங்கட்கிழமை காலை ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் நல்ல கூட்டம். ஒவ்வொரு திரையிலும் தன் பேர் ஓடுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இங்கே அடுத்தவளுடைய கூட்டில் கை விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அங்கே கயிறு விழுந்திருக்கிறது. இவன் திருந்தட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. சகாயத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரக்கம் கூலி இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும், ஒன்பது நாளாகச் சுமந்த பாரம் இறங்கிவிட்டது.

"அண்ணே, ஒரு காரியம்" என்று ஆன்ட்ரூஸ் போனில் சிரித்தான். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். "நீ எப்பம் பாட்டுக்காரன் ஆன? துறைமுகத்துல இறங்குதேன், இந்தப் பய போன்ல சம்மனசு பாட்டு ஓடுது. பாத்தா உனக்க பேரு! அத பாத்துதான் ஊருக்கு வந்த மாதிரி இருந்துது. அங்கயே உக்காந்து அழுதிட்டேன்."

கிளீட்டஸ் கண்ணைத் துடைத்தான். அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ. எல்லா போனையும் திரும்ப வாங்க அவனால் முடியாது. ஆனால் இந்த ஒரு போன் இப்போது அவன் காதில் இருக்கிறது.

"ஆன்ட்ரூஸ், கேளு. அது எனக்க பாட்டு இல்ல. பேரு தப்பு. அந்தப் பயட்ட சொல்லு, பேரு மாத்துற எடம் அதுலயே இருக்கும். நான் எழுத்து எழுத்தாச் சொல்லுதேன், அடிக்கச் சொல்லு."

"இப்பமா? அண்ணே, நான் இன்னும் குளிக்கக்கூட இல்ல."

"இப்பம்தான்."

எழுத்து எழுத்தாகச் சொன்னான். அங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆன்ட்ரூஸ் சொல்ல, போனுக்குச் சொந்தக்காரன் அடித்தான். முடிந்ததும் ஆன்ட்ரூஸ் சேர்த்து வாசித்தான். "ஜெபமணி... ஏயப்பா, நம்ம ஜெபமணியக்காவா? பக்கத்துல இருக்காங்களா? குடு, குடு."

மேசைக்குப் பின்னால் அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளீட்டஸ் போனை நீட்டினான். வாங்கிக் காதில் வைத்தாள். கோவில் பக்கம் முதல் வெடி கிளம்பியது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஏலே ஆன்ட்ரூஸ்" என்றாள் பிறகு. "வல்லதும் சாப்பிட்டியா மக்கா?"